மரமும் பெயரும்: கென்சிங்டன் பூங்காவின் 'எல்ஃபின் ஓக்'

பட்டுப்போன முதுமரங்களை நினைவுகூரக் கல்லும் உலோகமும் நாட்டுதல் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். இலண்டன் கென்சிங்டன் பூங்காவில் உள்ள 'எல்ஃபின் ஓக்' இவ்வழக்கினின்று வேறுபடுவது. இங்கு மரத்தின் உடலே சிற்பமாயிற்று. ஆயின், சிற்பம் பெற்ற பெயர் மரத்தை எந்த அளவிற்கு நினைவூட்டுகிறது என்பது ஆராயத்தக்கது.

வரலாறு

அம்மரம் ரிச்மண்ட் பூங்காவில் நின்றது. முதலாம் சார்லஸ் மன்னர் அப்பூங்காவை 1637-இல் மதில் சூழ அமைத்தார். மரத்தின் அகவை ஏறத்தாழ 900 ஆண்டுகள் என்பர். அங்ஙனமாயின் அது பூங்காவினும் மிக மூத்தது. உட்குழிந்த அதன் அடிமரம் 1928-இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. ஓவியர் ஐவர் இன்னஸ் ஏறத்தாழ ஈராண்டுகள் உழைத்து அதில் சிற்றுருவங்களைச் செதுக்கி வண்ணந்தீட்டினார். இவ்வுருவங்களைப் பற்றி எல்சி இன்னஸ் எழுதிய கதைநூல் 1930-இல் வெளிவந்தது. நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகன் 1960-களில் சிற்பத்தைப் புதுப்பித்தார். 1997-இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

பெயராக்கம்

இத்தகைய சிற்றுருவங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஒரே மூலத்தின அல்ல. 'எல்ஃப்' பழைய செருமானியக் கிளைச் சொல். 'ஃபேரி' பிரெஞ்சு வழி வந்தது. அதன் வேர் ஊழைக் குறிக்கும் இலத்தீன் சொல். 'நோம்' 16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்பாரின் இலத்தீன் எழுத்துகளில் தோன்றியது. தமிழில் இவற்றிற்கு நேரான சொற்கள் இல்லை. 'குட்டிச்சாத்தான்' ஏவலையும் தீங்கையும் சுட்டும். 'தேவதை' வழிபாட்டுச் சாயல் உடையது. 'குறளி' குறுமைப் பொருள் தரினும் வித்தைக்காரரின் ஏவலோடு பிணைந்தது. எனவே பெயரை ஒலிபெயர்த்து, 'குறுமாந்தர் உறையும் ஓக் மரம்' என விளக்கம் தருதல் பொருந்தும்.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஆங்கிலத் தொடரில் 'ஓக்' என்பதே தலைச்சொல். 'எல்ஃபின்' அதற்கு அடை. 'குட்டிச்சாத்தான் சிற்பம்' எனப் பெயர்த்தால் அடை எஞ்சும், தலைச்சொல் மறையும். பல நூற்றாண்டுகள் வாழ்ந்த மரம், ஈராண்டில் செதுக்கிய உருவங்களுக்கு வெறும் கட்டையாகிவிடும். மரம் உயிருடன் இல்லாத நிலையில், அது இன்ன மரம் என்பதைப் பெயரே காட்டி நிற்கிறது. அப்பெயரில் மரத்தைப் பேணுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.