சாப்டர்

இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் பேராலயங்களை நிர்வகிக்கும் குழுவுக்கு 'சாப்டர்' என்று பெயர். புத்தக அத்தியாயத்தைக் குறிக்கும் அதே சொல்தான். லத்தீனில் 'கபிட்டுலும்' என்றால் சிறு தலை. அது நூலின் பகுதிக்கு ஆகிவந்தது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கில் 73 அத்தியாயங்கள். துறவிகள் நாள்தோறும் கூடி அதில் ஒரு பகுதியை வாசிக்கக் கேட்டார்கள். பிறகு மடத்துக் காரியங்களைப் பேசினார்கள். வாசித்த பகுதியின் பெயர் கூட்டத்துக்கும், கூடிய அறைக்கும், கடைசியில் கூடியவர்களுக்குமே ஒட்டிக்கொண்டது. சொல் வரலாறுகளில் எனக்கு மிகப் பிடித்தவற்றுள் இது ஒன்று.

அந்தப் பெயர் கொண்ட கூடத்தை சால்ஸ்பரி பேராலயத்தில் இன்றும் பார்க்கலாம்: எட்டுப் பக்கச் சுவர், நடுவே ஒற்றைத் தூண், சுவரோரம் சுற்றிலும் கல் இருக்கை. 

குழுவின் தலைவர் 'டீன்'. பத்துப் பேருக்குத் தலைவர் என்னும் பொருளுள்ள லத்தீன் 'டெக்கானுஸ்' அதன் மூலம். கவிஞர் ஜான் டன் 1621 முதல் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் டீனாக இருந்தார். துறவிகளின் வாசிப்பில் பிறந்த பெயரைத் தாங்கும் இந்தக் குழுவில் இன்று குருப்பட்டம் பெறாத சபையாரும் உறுப்பினர்கள். பேராலயத்தின் வரவு செலவுக்கு அவர்களும் பொறுப்பு.