கடைசி பெஞ்சிலிருந்து எதைப் பார்ப்பது?

ஆசிரியராகப் போகிற எவருக்கும் வகுப்பறை புதிய இடமல்ல. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிடுகிறார் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் வெளிவந்த ‘ஸ்கூல்டீச்சர்’ நூலில் கணக்கிட்டார். அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தெரிந்தது ஆசிரியரின் குரலும் கோபமும்தான். பாடத்தை அவர் எப்படி வகுத்தார், ஒரு கேள்வியை ஏன் பாதியில் விட்டார் என்பதெல்லாம் தெரியாது. பி.எட். சேர்ந்த பிறகும் அந்தப் பழைய பார்வை லேசில் போவதில்லை. உற்றுநோக்கல் பதிவேடுகளைப் புரட்டுங்கள்: ‘உரத்த குரலில் நடத்தினார்’, ‘கரும்பலகையைச் சிறப்பாகப் பயன்படுத்தினார்’ என்று பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரே நிற்பார். (சீனியர் கொடுத்த ரெக்கார்டிலும் இதே வரிகள் இருக்கும், அது தனிக் கதை.)

1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் வேறுவிதமாகப் பார்த்தவர். காலைக் குதிரைச் சவாரியில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்தபோது, பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவது அவர் கண்ணில் பட்டது. அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை, மாணவன் ஒருவனிடமே பொறுப்பைக் கொடுத்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அந்த ‘மெட்ராஸ் முறை’ 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட சிறு நூல் வழியே கடல்கடந்து பரவியது. அதன் குறைகள் பல. ஆனாலும் அது பிறந்தது பிள்ளைகளின் விரல்களைக் கவனித்த ஒரு பார்வையில்தான்.

பயிற்சிக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக உள்ள பிளாண்டர்ஸ் முறையில் 3 நொடிக்கு ஒருமுறை வகுப்பின் பேச்சைக் குறிக்க வேண்டும். வகைகள் 10, ஆசிரியர் பேச்சுக்கு 7, மாணவர் பேச்சுக்கு 2, மௌனத்துக்கோ குழப்பத்துக்கோ 1. யார் எவ்வளவு பேசினார் என்பதை ஈவிரக்கமின்றிக் காட்டிவிடும். ஆனால் ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடக்கிறது என்று வையுங்கள். “புரிஞ்சுதா?” என்கிறார் ஆசிரியர். “புரிஞ்சுது சார்!” என்று வகுப்பே முழங்குகிறது. கணக்கில் அது மாணவர் மறுமொழி. அந்தக் குரலோடு குரல் சேர்த்த சிறுமியின் நோட்டில் 1/2 + 1/3 = 2/5 என்றிருக்கிறது. மேலே மேலோடும் கீழே கீழோடும் கூட்டியிருக்கிறாள். அவளுக்கு அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கண்டுபிடிப்பதுதான் பார்க்க வந்தவரின் வேலை. அதற்குக் கடைசி பெஞ்சைவிட அவள் பக்கத்து இடம் உசத்தி.

2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகள் இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரம் பள்ளியில் இருக்கச் சொல்கின்றன. முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. நாள் போதாது என்று இனிச் சொல்ல முடியாது. போதாமல் இருப்பது மணி அடித்த பிறகு வழிகாட்டி ஆசிரியரோடு பேசும் பத்து நிமிடம். “அந்தப் பையனை ஏன் டீச்சர் நீங்க கேள்வியே கேக்கல?” என்று பயிற்சி மாணவி கேட்டால், “மூணு நாள் கழிச்சு இன்னைக்குத்தாம்மா வந்திருக்கான். எல்லார் முன்னாடியும் எழுப்பிவிட்டா நாளைக்கு வரமாட்டான்” என்று பதில் வரலாம். இந்தப் பதிலுக்குப் பதிவேட்டில் இப்போது இடமில்லை. ஒரு பக்கம் ஒதுக்கித் தந்தால், சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து நிரப்ப முடியாத பக்கம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.