சுமப்பவர் யார்? மலைக் கூடாரம் எடை குறைந்த வரலாறு

மலையேறுவோரின் கூடாரம் எடை குறைந்து வந்த கதையைத் துணிகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். கித்தான் பட்டுக்கும், பட்டு நைலானுக்கும் வழிவிட்ட வரிசை அதில் பிழையின்றி அமைந்துவிடும். ஆயினும் 19ஆம் நூற்றாண்டு ஆல்ப்ஸ் மலையேற்றத்தைக் கூர்ந்து நோக்கினால், எடையைத் தீர்மானித்தது துணியைவிட அதைச் சுமந்த முதுகே என்பது புலனாகும்.

மரச்செதுக்கு ஓவியரான எட்வர்டு விம்பர், 1862இல் மாட்டர்ஹார்ன் சிகரத்தை எட்ட முயன்றபோது தாமே வடிவமைத்த கூடாரத்தைப் பயன்படுத்தினார். முனைக்கு இரண்டாக ஒன்றன்மேல் ஒன்று சாயும் நான்கு மரக்கம்புகள் அதைத் தாங்கின. ரப்பர் பூசி நீர்புகாமல் செய்த தரைவிரிப்பு கூரைத்துணியோடு சேர்த்தே தைக்கப்பட்டிருந்ததால், ஈரமும் காற்றும் அடிவழியே நுழைய இடமில்லை. நால்வர் படுக்கத்தக்க அதன் எடை சுமார் 10 கிலோ. அந்த எடை விம்பரை உறுத்தவில்லை. உறுத்த வேண்டியதும் இல்லை, ஏனெனில் அதைச் சுமந்தவர் பிரெய் என்னும் சிற்றூரைச் சேர்ந்த, கூன்முதுகுடைய லூக் மெய்னே. விம்பர் 1871இல் வெளியிட்ட நூலில் அவரைப் பெரிதும் பாராட்டுகிறார். கூடாரத்தை இன்னும் இலகுவாக்கியிருந்தால் அப்பாராட்டு மேலும் பொருத்தமாக இருந்திருக்கும்.

அடுத்த தலைமுறையினரான ஆல்பர்ட் மம்மரி, தொழில்முறை வழிகாட்டிகளைத் தவிர்த்து நண்பர்களோடு மட்டும் ஏறும் போக்கிற்கு முன்னோடியாக விளங்கினார். தம் சுமையைத் தாமே தூக்குபவருக்குக் கூடாரத்துக்கென்று தனிக் கம்புகள் வீண்செலவாகத் தோன்றின. எப்படியும் கையில் இருக்கும் பனிக்கோடரிகளையே, அதாவது பனிக்கட்டியில் படிவெட்டப் பயன்படும் நீண்ட கைப்பிடிக் கோடரிகளையே, தூண்களாக நிறுத்தி அவற்றின்மேல் பட்டுத்துணியை விரித்தார். எடை இரண்டு கிலோவுக்கும் கீழே இறங்கியது. நிமிர்ந்து நிற்க முடியாது, கோடரி தேவைப்பட்டால் கூரையையே இறக்க வேண்டும் என்ற இடர்ப்பாடுகளை அவர் பொருட்படுத்தவில்லை. 1895இல் நங்க பர்வதத்தில் அவர் மறைந்த பின்னும் அக்கூடாரம் அவர் பெயராலேயே விற்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் லண்டன் தையல்காரரான தாமஸ் ஹைரம் ஹோல்டிங், சைக்கிளில் கட்டிச் செல்லத்தக்க பட்டுக் கூடாரங்களைப் பரப்பி, 1901இல் சைக்கிள் முகாமாளர்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார்.

இமயமலைப் பயணங்களில் சுமைகாரர்கள் மீண்டும் வந்தனர். எடையும் உடன் வந்தது. 1953இன் எவரெஸ்ட் குழு சுமார் 350 சுமைகாரர்களோடு புறப்பட்டது. அது கொண்டுசென்ற மீட் வகைக் கூடாரங்கள் விம்பரின் வடிவத்திலிருந்தே கிளைத்தவை.

பின்னர் வந்த நைலான் இலகுவானது, ஆனால் நீர்புகாமல் பூச்சிடப்பட்டால் உறங்குவோரின் மூச்சையும் உள்ளேயே அடைத்து, உட்சுவரில் நீர்த்துளிகளாகப் படியவைத்தது. இதனாலேயே காற்றோட்டமுள்ள உட்கூடாரமும் நீர்புகா வெளியுறையும் கொண்ட இரட்டைச்சுவர் அமைப்பு நிலைபெற்றது. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பசிபிக் கிரெஸ்ட் பாதையை மாதக்கணக்கில் தனித்து நடப்பவர்கள், சுமைகாரர் இல்லாமையால், அந்த இரண்டாம் சுவரையும் கைவிடத் துணிந்தனர். நெடுந்தூர நடையாளரான ரே ஜார்டின் 1990களில் வெறும் விரிப்புக்கூரையைப் பரிந்துரைத்தார். பந்தயப் படகுகளின் பாய்களுக்காக உருவான மென்படலத் துணியும் பின்னர் இவர்களிடம் வந்து சேர, ஒரு கிலோவைத் தொடாத இருவர் கூடாரம் இயல்பானது. அதைத் தாங்குவன நடைக்கோல்களே, மம்மரியின் கோடரிகளைப் போல. கடும்பனியும் சூறைக்காற்றும் நிலவும் உயரங்களில் இவை போதா. அங்கே ஏறுவோர் அலுமினியக் கம்புகள் ஒன்றையொன்று வெட்டித் தாங்கும் குவிமாடக் கூடாரங்களையே இன்றும் தேர்ந்தெடுக்கின்றனர்.