கோடிங் கிளாஸ் புரியலையா? முதலாம் ஆண்டு மாணவர்கள் செய்ய வேண்டியது என்ன?

பொறியியல் கல்லூரிகளில் முதல் செமஸ்டரிலேயே பலருக்கும் பைதான் பாடம் வந்துவிடுகிறது. பிளஸ் 2-வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காமல் வந்தவர்களுக்கு, "நமக்கு இது செட் ஆகாதோ?" என்ற பயம் சீக்கிரமே வந்துவிடும். இங்கே கைவிட்டால் அரியர் மட்டுமல்ல, அடுத்து வரும் கோடிங் பாடங்களும் சிக்கல்தான். ஆனால் பலருக்கும் பிரச்சினை திறமையில் இல்லை, படிக்கும் முறையில்தான்.

மனப்பாடம் ஏன் கைகொடுக்காது?

லேப் ரெக்கார்டில் உள்ள புரோகிராமை அப்படியே மனப்பாடம் செய்தால், தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினாலே மாட்டிக்கொள்வீர்கள். உதாரணத்துக்கு, 1 முதல் 10 வரை பிரிண்ட் செய்ய 'ரேஞ்ச்' ஃபங்ஷனில் 1, 10 என்று கொடுத்தால் 9 வரைதான் வரும். 10-ம் வேண்டும் என்றால் 11 என்று கொடுக்க வேண்டும். படித்தால் மறந்துவிடும் இந்த விஷயம், நீங்களே டைப் செய்து பார்த்தால் மறக்காது. ஒரு புரோகிராம் ஓடியதும் எண்களை மாற்றி, என்ன ஆகிறது என்று பாருங்கள்.

எரர் வந்தால் என்ன செய்வது?

பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்காதீங்க. எரர் மெசேஜின் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்பது அங்கே இருக்கும். எத்தனையாவது வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். 'நேம் எரர்' என்றால் பெரும்பாலும் ஸ்பெல்லிங் தவறு. 'இன்டென்டேஷன் எரர்' என்றால் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி சரியில்லை.

எரரே வராமல் விடை தப்பா வருதா?

10, 20 என இரண்டு எண்களை 'இன்புட்' மூலம் வாங்கிக் கூட்டினால், 30-க்கு பதில் 1020 என்று வரலாம். பைதான் 3-ல் இன்புட் வழியாக வருவது எல்லாமே எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். அதனால் இரண்டையும் ஒட்டிவிடும். 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றினால் 30 வரும். இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்க, ஒவ்வொரு வரி முடிந்ததும் வேரியபிளில் என்ன இருக்கிறது என்று பேப்பரில் எழுதிப் பாருங்கள். இதைத்தான் 'டிரை ரன்' என்கிறார்கள்.

லேப்டாப் இல்லைன்னா?

கவலை வேண்டாம். ஜிமெயில் கணக்கு இருந்தால், செல்போன் பிரவுசரிலேயே 'கூகுள் கோலாப்' தளத்தில் இலவசமாக பைதான் எழுதி ஓட்டலாம். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் கோடிங் வகுப்புகளையும் இலவசமாகப் பார்க்கலாம்.

சந்தேகம் கேட்பது எப்படி?

"சார், புரியல" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. எழுதிய கோடு, எதிர்பார்த்த விடை, வந்த விடை மூன்றையும் காட்டிக் கேளுங்கள். ஏஐ செயலிகளிடமும் புரோகிராமை எழுதித் தரச் சொல்லாமல், உங்கள் கோடில் எங்கே தவறு என்று விளக்கச் சொல்லுங்கள். லேப் தேர்வில் அது உதவிக்கு வராது.

தேர்வுக்கு முந்தைய நாள் விடிய விடிய படிப்பதைவிட, தினமும் அரை மணி நேரம் கோடு எழுதிப் பார்ப்பதே கைகொடுக்கும்.