'நாற்றம்' என்னும் சொல்லின் பொருள் வரலாறு

இன்று அருவருப்பூட்டும் மணத்தையே சுட்டும் 'நாற்றம்' என்னும் சொல் பண்டு நறுமணத்தைக் குறித்தது. பின்னர் இழிபொருள் எய்திற்று. இது மாணாக்கர்க்குப் பழகிய பாடம். இழிபொருட்பேற்றுக்கு இதனையே முதற்சான்றாகக் காட்டுவாரும் உளர். இக்கூற்று முழுதும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திருக்குறளின் 27ஆம் பாட்டு, ஐம்புலன்களை எண்ணுமிடத்து இச்சொல்லை மூக்கிற்குரிய புலனின் பொதுப்பெயராக ஆள்கின்றது. அங்கு நன்மை தீமை என்னும் வேறுபாடு இல்லை. 1113, 1274ஆம் பாட்டுகளில் அது நறுமணமே. சங்கப் பாடல்களிலோ மலர் நாறுதலும் உண்டு. நெய்தல் நிலத்து மீன்புலால் நாறுதலும் உண்டு. எனவே பண்டை நாளில் இவ்வினை இருபாற்கும் பொதுவாய் நின்றது என்பதும், நன்மையும் தீமையும் அடுத்துவந்த சொல்லால் விளங்கின என்பதும் பெறப்படும். ஆண்டாள், திருமாலின் திருவாயின் மணத்தை வெண்சங்கிடம் வினவுமிடத்தும் இவ்வினையையே ஆள்கின்றார்.

ஆகவே நிகழ்ந்தது உயர்பொருள் இழிபொருளாய் மாறியதன்று. பொதுப்பொருள் ஒருபாற் சுருங்கியதே என்க. இதற்குக் காரணம் யாது? வெறுக்கத்தக்கதை நேரே கூற நாணும் மக்கள், பொதுச்சொல்லால் அதனைக் குறிப்பாக உணர்த்துவர். தொல்காப்பியர் அவையல்கிளவி என்றும், நன்னூலார் இடக்கரடக்கல் என்றும் வகுத்த நெறியின் பாற்பட்டது இது. 'தீநாற்றம்' என்பதன் அடையை நீக்கி 'நாற்றம்' என்றனர். நாளடைவில் அடையின் பொருளும் அச்சொல்லின்மேல் ஏறிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். ஒழிந்த இடத்தை 'மணம்', 'வாசனை' என்பன நிரப்பின. 'துர்நாற்றம்' என இன்றும் அடைகொடுத்து வழங்குவது பழைய பொதுப்பொருளின் எச்சமாகும். நாற்றம் முற்றும் தீமணமாயின் அவ்வடை மிகையன்றோ?

இப்போக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இன்றைய மலையாளத்து 'நாற்றம்', கன்னடத்து 'நாறு' ஆகியனவும் தீமணத்தையே சுட்டுகின்றன. ஆங்கிலத்தில் 'ஸ்டிங்க்' என்னும் வினையும் பழைய ஆங்கிலத்தில் எவ்வகை மணத்திற்கும் பொதுவாய் இருந்து பின்னர்ச் சுருங்கியதே.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. 'நாறு' என்பதற்கு முளைத்தல், தோன்றுதல் என்னும் பொருளும் உண்டு. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரில், சேடர்பாளையத்தினின்று பிரியும் இராசவாய்க்காலின் நீர் பாயும் காவிரிக்கரை வயல்களில், உழவர் 'நாற்று' என்றும் 'நாற்றங்கால்' என்றும் கூறுங்கால் எவரும் மூக்கைப் பொத்துவதில்லை. அதே உழவர் அழுகிய வெற்றிலையை 'நாத்தம்' என்றால் கேட்போர்க்கு ஐயம் எழாது. மணத்தலும் முளைத்தலும் ஒருவேரின என்பாரும், வேறென்பாரும் உளர். எவ்வாறாயினும், தொழிற்சொல்லாய் நின்றது இழிவு எய்தாது தப்பியது. அன்றாடப் பேச்சில் மணத்தைக் குறித்ததே சுருங்கிற்று.

இவ்வேறுபாடு உரைகாண்பார்க்கு இன்றியமையாதது. பழம்பாட்டில் நாற்றம் வருமிடந்தோறும் 'நறுமணம்' என்றே உரைப்பின் புலால் நாறும் துறையும் பூந்துறையாய்விடும். இன்றைய பொருளையே கொள்ளின் துளசியும் இழிவுறும். அடுத்த சொல்லை நோக்கிப் பொருள் கொள்வதே முறை.