1996க்கு முந்திய உலகப் பட்டம்

இலங்கையின் முதல் உலகச் சம்பியன் யாரென்று வகுப்பில் கேட்டால், “அர்ஜுன ரணதுங்கட டீம்தானே சேர்!” என்று 1996ஐத்தான் சொல்கிறார்கள். அதற்கு 23 ஆண்டுகள் முந்தியே, 1973இல், பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றவர் கொழும்பு எம்.ஜே.எம். லாபிர். எந்த விளையாட்டிலும் நமது நாட்டுக்கு அதுவே முதல் உலகப் பட்டம். நம்மவர் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அவரை விட்டால் நாட்டின் வரலாற்று வரிசையே பிழைத்துவிடும்.

மேசையில் மூன்றே பந்துகள். சிவப்பைக் குழியில் போட்டால் மூன்று புள்ளி. தன் பந்து மற்ற இரண்டிலும் பட்டால் இரண்டு. கேட்க லேசுதான். ஆனால், அடுத்த அடிக்கும் பந்துகள் வாகாய் நிற்க வேணுமே, அதிலதான் எல்லாம் கிடக்கு. வில்சன் ஜோன்ஸ் 1958இலும் 1964இலும் உலகப் பட்டம் பெற்றுக்கொடுத்த இந்தியாவில் போய் வென்றது சின்ன விஷயமா?

லாபிர் 1981இல் காலமானார். நமது கிரிக்கெட் அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1982இல்.