மின்சாரமும் நாட்டுப்பாடலும்

1965 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில், நாட்டுப்பாடல் விழா மேடையில் பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாருடன் தோன்றினார். அவருக்கு வயது 24. பின்னால் ஒரு வாத்தியக் குழு. மூன்று பாட்டுகள் பாடினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது, ஒரு பகுதி கை தட்டியது. உள்ளே போனவரை மறுபடி அழைத்தார்கள். சாதாரண மரக் கிட்டாருடன் வந்து தனியாக இரண்டு பாட்டுகள் பாடிவிட்டுப் போய்விட்டார். நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் அறுபது ஆண்டுகளாக இது ஒரு புராணமாகச் சொல்லப்பட்டு வருகிறது. மரபின் காவலர்கள் ஒரு பக்கம், புதுமையின் கலைஞன் மறு பக்கம். கலைஞன் தனியே நின்று வென்றான் என்பது கதை. புதுமையின் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்தக் கதை இனிக்கிறது. இனிப்பதனாலேயே இதைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் யாருடைய மரபு, எதிலிருந்து புதுமை என்ற கேள்விகளைக் கதை கேட்பதே இல்லை.

முதலில் கூச்சல் போட்டவர்களின் பக்கத்தைப் பார்ப்போம். அவர்களை ரசனையற்ற கும்பலாக ஒதுக்குவது நியாயமல்ல. 1959இல் தொடங்கிய நியூபோர்ட் விழா 1963இலிருந்து லாப நோக்கமற்ற ஓர் அமைப்பாக நடத்தப்பட்டது. பெயர் பெற்ற பாடகருக்கும் பெயர் தெரியாத கிராமத்துப் பாடகருக்கும் ஒரே ஊதியம்: 50 டாலரும் செலவும். 1928இல் சில இசைத்தட்டுகள் பதிவு செய்துவிட்டு உலகத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிட்ட மிஸிஸிப்பி ஜான் ஹர்ட்டைக் கண்டெடுத்து, 1963இல் அதே மேடையில் உட்கார வைத்தார்கள். விழாவின் ஆத்மா என்று சொல்லத்தக்க பீட் ஸீகர், 1955இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவிடம் தன் அரசியல் தொடர்புகளைச் சொல்ல மறுத்தவர். 1961இல் அதற்காகத் தண்டனை விதிக்கப்பட்டு, 1962இல் மேல்முறையீட்டில் விடுபட்டவர். தொலைக்காட்சி அவருக்கு வெகுகாலம் கதவை மூடி வைத்திருந்தது. இவர்களுக்கு மரக் கிட்டார் வெறும் வாத்தியமல்ல. முதலீடு வேண்டாத, யாரும் எங்கும் எடுத்துப் பாடக்கூடிய, வியாபாரத்துக்கு விலைபோகாத ஒரு வாழ்க்கையின் அடையாளம். மின்சாரமோ வானொலியுடையது, விளம்பரத்துடையது, அவர்களை வெளியே நிறுத்தி வைத்தவர்களுடையது. இந்தக் கோபத்துக்குப் பின்னால் பட்ட அடிகள் இருக்கின்றன.

ஆனால் கோபம் மின்சாரத்தினால் பிறந்ததல்ல. காலவரிசையைக் கவனித்தால் இது தெளிவாகும். 'ஸிங் அவுட்!' என்ற நாட்டுப்பாடல் பத்திரிகையின் ஆசிரியர் இர்வின் ஸில்பர், டிலனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வெளியானது 1964 நவம்பரில். டிலன் உள்முகமாகத் திரும்பிவிட்டார், தன்னைப் பற்றியே எழுதுகிறார், மக்களோடு இருந்த தொடர்பை இழந்து வருகிறார் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியாகியிருந்த அவருடைய இசைத்தட்டில் எலக்ட்ரிக் கிட்டார் கிடையாது, குழுவும் கிடையாது. இருந்தது 'நான்' என்ற சொல். 1963 விழாவின் முடிவில் ஸீகர், ஜோன் பேஸ், கறுப்பினப் பாடகர்கள் ஆகியோருடன் மேடையில் நின்று எல்லோருடைய பாட்டாகப் பாடியவர் அடுத்த ஆண்டே தன் காதலையும் கசப்பையும் பாடத் தொடங்கியதுதான் முதல் உறுத்தல். 'நாம்' 'நான்' ஆனதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் 'நான்' என்ற சொல்லைப் பார்த்துக் கூச்சல் போடுவது கஷ்டம். கிட்டாரிலிருந்து ஒரு ஒயர் தொங்கினால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

இனி, யாருடைய மரபு என்ற கேள்வி. 1941இல் ஆலன் லோமாக்ஸ், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக, ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்குடன் மிஸிஸிப்பியில் பாடல்கள் சேகரித்துக்கொண்டு போனார். ஸ்டோவல் என்ற பருத்திப் பண்ணையில் ஒரு கறுப்பினத் தொழிலாளியின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தத் தொழிலாளிதான் மடி வாட்டர்ஸ். 1943இல் அவர் பண்ணையை விட்டுச் சிகாகோவுக்குப் போனார். அங்கே மதுக்கடைகளின் இரைச்சலில் மரக் கிட்டார் யார் காதிலும் விழவில்லை. எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்தார். 1941இல் லோமாக்ஸுக்குப் பாடிக் காட்டிய பாட்டு ஒன்றையே, கொஞ்சம் மாற்றி, 1948இல் மின்சாரத்துடன் பதிவு செய்தார். தெற்கிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினத் தொழிலாளிகள் அதை வாங்கிக் கேட்டார்கள்.

பாட்டு அதேதான், ஆளும் அதே ஆள்தான். கேட்பவர்களும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள், இடம் பெயர்ந்தவர்கள். இதில் எந்த இடத்தில் நாட்டுப்பாடல் முடிந்து வேறொன்று தொடங்கிற்று? பாடியவரையும் கேட்டவர்களையும் பொறுத்தவரை எங்கேயும் இல்லை என்றே சொல்வேன். சேகரிப்பாளரின் அலமாரியில்தான் இரண்டும் வேறு வேறு தட்டுகளில் இருக்கின்றன. மடி வாட்டர்ஸ் 1958இல் எலக்ட்ரிக் கிட்டாருடன் இங்கிலாந்து போனபோது, கிராமத்து ப்ளூஸை எதிர்பார்த்திருந்த சிலர் சத்தம் தாங்கவில்லை என்று முகம் சுளித்தார்கள். சரியென்று 1963இல் மரக் கிட்டாருடன் போனார். அதற்குள் அங்கே இளைஞர்கள் எலக்ட்ரிக் கிட்டாரைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். 1964இல் அவருடைய கம்பெனி மரக் கிட்டார் இசையாக ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் பெயர் 'ஃபோக் ஸிங்கர்'. இருபது வருஷம் மின்சாரத்தோடு பாடிக்கொண்டிருந்த மனிதர், கல்லூரி மாணவர்களுக்காக நாட்டுப்பாடகர் வேஷம் கட்ட வேண்டியிருந்தது. நாட்டார் நகரத்துக்குப் போய்விட்டார்கள்; நகரத்தார்தான் நாட்டுப்புறத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நியூபோர்ட் மேடையில் டிலனுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தால் இந்தத் தொடர்பு கண்ணெதிரே தெரியும். ஸாம் லே டிரம்ஸ், ஜெரோம் ஆர்னால்ட் பேஸ் கிட்டார். இருவரும் கறுப்பினத்தவர்; சிகாகோவின் இன்னொரு பெரிய பாடகரான ஹவ்லின் உல்ஃபின் குழுவில் வாசித்தவர்கள். மைக் ப்ளூம்ஃபீல்ட் என்ற வெள்ளை இளைஞர், சிகாகோ மதுக்கடைகளில் மடி வாட்டர்ஸ் போன்றவர்களைக் கேட்டே கிட்டார் கற்றவர். மூவரும் பால் பட்டர்ஃபீல்டின் ப்ளூஸ் குழுவைச் சேர்ந்தவர்கள். அந்தக் குழுவை முதல் நாள் ப்ளூஸ் அரங்கில் அறிமுகப்படுத்திப் பேசியவர் அதே லோமாக்ஸ். பேச்சில் ஏளனம் தொனித்தது என்று டிலனின் மேனேஜர் ஆல்பர்ட் க்ராஸ்மன் சண்டைக்குப் போக, நடுத்தர வயதுக்காரர்கள் இருவரும் மண்ணில் புரண்டார்கள். 1941இல் மடி வாட்டர்ஸின் குரலைப் பதிவு செய்த மனிதருக்கு, அந்தக் குரல் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து வந்தவர்களை ஏற்க முடியவில்லை. டிலனின் மூன்று பாட்டுகளைவிட இந்தச் சண்டை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மேடையில் நடந்ததற்கு யந்திர ரீதியான காரணங்களும் உண்டு. மரக் கிட்டாரில் தந்தியின் அதிர்வைப் பெட்டியின் வயிறு பெருக்குகிறது. டிலன் அன்று வைத்திருந்த ஃபென்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் வயிறு கிடையாது, கெட்டிப் பலகை. காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள், தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. நாதம் வாசிப்பவரின் மடியை விட்டுத் தள்ளிப்போய், பின்னால் ஒரு பெட்டியிலிருந்து வருகிறது. அந்த நாளைய விழா ஒலிபெருக்கிகள் ஒரு குரலையும் ஒரு கிட்டாரையும் கொண்டுசேர்க்க அமைந்தவை. டிரம்ஸ், ஆர்கன், இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்கள் எல்லாம் சேர்ந்தபோது வார்த்தைகள் மூழ்கிப்போயின. குழு ஒத்திகை பார்த்ததும் முந்தைய இரவுதான். ஸீகர் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஒயரை வெட்ட ஓடினார் என்பது பிரபலமான கதை. வார்த்தை புரியவில்லை என்பதே தன் ஆத்திரம், கோடரி இருந்தால் வெட்டியிருப்பேன் என்றுதான் கத்தினேன் என்று அவரே பின்னாளில் விளக்கினார். பாட்டென்றால் முதலில் சொல் என்று நம்பிய மனிதரின் ஆத்திரம் அது. எனக்கு அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

எதிர்பாராத அதிர்ச்சி என்பதும் முழு உண்மையல்ல. மின்னஸோட்டா மாநிலத்தின் ஹிப்பிங்கில் பள்ளி மாணவனாக இருந்தபோதே டிலன் ராக் குழுக்களில் வாசித்தவர். மரக் கிட்டாருக்கு வந்தது அதன் பிறகுதான். 1962 டிசம்பரில் குழுவோடு பாடிய ஒரு தட்டு வந்து, கவனிப்பாரற்றுப் போனது. 1965 மார்ச்சில் வந்த இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்கக் குழுவோடு பாடியது. ஆறு நிமிஷம் ஓடும் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' விழாவுக்கு ஐந்து நாள் முன்பு வெளியாகிவிட்டது. நியூபோர்ட்டுக்கு வந்த பலருக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்க வேண்டும். வீட்டில் தட்டில் கேட்கலாம். அந்த மேடையில், அந்த மனிதரிடமிருந்து கேட்கக்கூடாது. கச்சேரி என்பது கேட்பவர்கள் தங்களையே பார்த்துக்கொள்ளும் இடமாக இருந்ததுதான் காரணம்.

இது அடுத்த ஆண்டு இன்னும் தெளிவாயிற்று. 1965 ஆகஸ்ட் 28இல் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் தொடங்கி டிலன் கச்சேரியை இரண்டாகப் பிரித்தார். முதல் பாதி தனியாக, மரக் கிட்டார், ஹார்மோனிகா. இடைவேளைக்குப் பிறகு குழு, மின்சாரம். ஊர் ஊராகக் கூச்சல். டிரம்ஸ் வாசித்த லெவன் ஹெல்ம் வெறுத்துப்போய் 1965 நவம்பரில் விலகிவிட்டார். 1966 மே 17இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கடைசிப் பாட்டுக்கு முன் ஒருவன் 'யூதாஸ்!' என்று கத்தினான். உன்னை நம்பவில்லை, நீ பொய்யன் என்று டிலன் பதில் சொல்லிவிட்டுக் குழுவை இன்னும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற தவறான பெயரோடு பல ஆண்டுகள் திருட்டுத் தட்டாக உலவிய இந்தப் பதிவு, 1998இல்தான் முறையாக வெளியாயிற்று.

இந்தப் பதிவைப் பல முறை கேட்டிருக்கிறேன். முதல் பாதியில் அரங்கம் கோயில்போல் மௌனமாக இருக்கிறது. பாடப்படும் பாட்டுகளோ கிராமத்தையோ போராட்டத்தையோ பற்றியவை அல்ல. கனவும் பிரமையும் கலந்த அந்தரங்கமான கவிதைகள். அவற்றை அந்தக் கூட்டம் பக்தியோடு கேட்கிறது. இரண்டாம் பாதியில், 1963இல் அவர் தனியாகப் பாடிப் பதிவு செய்திருந்த 'ஒன் டூ மெனி மார்னிங்ஸ்' குழுவோடு வருகிறது. பழைய பதிவில் களைத்துப்போன ஒருவன் தனக்குத் தானே முணுமுணுக்கிறான். மான்செஸ்டரில் அதே வரிகளின் கடைசி உயிரெழுத்தை இழுத்து நீட்டுகிறார். குழு அடியில் வந்து தாங்குகிறது. களைப்பு சவாலாக மாறிவிடுகிறது. சொல் ஒன்றுதான், அதன் அர்த்தம் வேறாகிவிட்டது. இதற்கு மின்சாரம் தேவைப்பட்டது. சத்தம் கூடியதல்ல விஷயம். தனிக் குரலுக்குத் தாளத்தைப் பின்னிழுக்கவும் முந்தவும் சுதந்திரம் உண்டு. ஆனால் எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. குழு அவருக்கு எதிர்த்து நிற்க ஒரு சுவரைக் கொடுத்தது. அந்தக் கூட்டத்தை அவர் உண்மையிலேயே எதிர்கொண்டது இரண்டாம் பாதியில்தான் என்பது என் அபிப்பிராயம்.

'யூதாஸ்' என்ற சொல்லையும் யோசிக்க வேண்டும். காசுக்குக் காட்டிக்கொடுத்தவன் பெயர் அது. யூதக் குடும்பத்தில் பிறந்த ஒருவரை நோக்கி அது வீசப்பட்டது. காட்டிக்கொடுக்கப்பட்ட கிறிஸ்து யார்? மடி வாட்டர்ஸா, மிஸிஸிப்பி ஜான் ஹர்ட்டா? இல்லை. கத்தியவன் தன்னையும் தன் ரசனையையும்தான் அந்த இடத்தில் வைத்திருந்தான்.

2024இல் வந்த 'எ கம்ப்ளீட் அன்நோன்' திரைப்படத்தில் இந்தக் கூச்சலை மான்செஸ்டரிலிருந்து பெயர்த்து நியூபோர்ட்டில் வைத்துவிட்டார்கள். புராணங்கள் இப்படித்தான் வளரும். நியூபோர்ட்டில் வாசித்த கிட்டார் 2013 டிசம்பரில் ஏலத்தில் 9,65,000 டாலருக்குப் போயிற்று. எல்லோருக்கும் 50 டாலர் என்றிருந்த மேடையிலிருந்து கிளம்பிய பலகை அது. ஸீகர் பயந்தது இதைத்தான் என்றால் அவர் பயந்தது நடந்துவிட்டது.

ஆகவே டிலனின் வெற்றியை ஒரு பக்கக் கணக்காக எழுத எனக்கு மனமில்லை. விழா முடிந்த மூன்றாம் நாள், ஜூலை 28இல், ஜனாதிபதி ஜான்ஸன் வியட்நாமில் படைகளை 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். எல்லோரும் சேர்ந்து பாடப் பாட்டு தேவைப்பட்ட நேரம். 1963இல் மிஸிஸிப்பியின் க்ரீன்வுட்டுக்குப் போய், வாக்குரிமைக்காகக் கூடியிருந்தவர்கள் முன் பாடியவர், இந்த நேரம் பார்த்துத் தன் வழியே போனது சிலருக்கு வலித்தது. அந்த வலி பொய்யல்ல. ஆனால் தெற்கில் சிறைக்குள்ளும் ஊர்வலத்திலும் பாடப்பட்ட பாட்டுகள் பெரும்பாலும் மாதாகோவில்களிலிருந்து வந்தவை. டிலன் விலகியதால் அவை நின்றுவிடவில்லை. அவரிடம் பாட்டு கேட்டு நின்றவர்கள், போராட்டத்தில் இருந்தவர்களைவிடப் போராட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களே அதிகம். தங்களுக்காக ஒருவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும், அவர் கையில் எப்போதும் மரக் கிட்டார் இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்த்தார்கள். பண்ணையை விட்டு வெளியேறிய மடி வாட்டர்ஸிடமும் இதே எதிர்பார்ப்பைத்தான் வைத்தார்கள். டிலன் மறுத்தார், அதற்கு அவருக்கு வசதி இருந்தது. மடி வாட்டர்ஸ் கேட்டபோதெல்லாம் கிட்டாரை மாற்றிக்கொண்டார். இரண்டாவது மனிதரின் சரித்திரமும் முதலாமவருடையதைப் போல எழுதப்படும்வரை இந்தக் கதையை நாம் பாதிதான் கேட்டிருக்கிறோம்.